வாக்குச்சாவடிக்குள் என்னோடு யார் வருவது?

தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் எங்கள் கோயில் வாசல்களில் ஒரு கேள்வி கிளம்பும். "இந்தத் தடவை நம்ம ஓட்டு யாருக்கு?" கேட்பவர் பெரும்பாலும் ஆண். பதில் சொல்பவரும் ஆண். பூசை முடிந்து முக்காட்டை இறக்கிக்கொண்டு நிற்கும் பெண்கள் அந்த 'நம்ம'வுக்குள் ஏற்கெனவே எண்ணப்பட்டிருப்பார்கள். ஒரு வீட்டுக்கு நாலு ஓட்டு, ஒரு தெருவுக்கு எண்பது ஓட்டு, ஒரு பங்குக்கு இத்தனை ஆயிரம் ஓட்டு என்று கணக்கு ஓடும். மனச்சாட்சிப்படி வாக்களியுங்கள் என்று மறையுரையில் சொல்வார்கள். யாருடைய மனச்சாட்சி என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் கட்டுரை அதைத்தான் கேட்க நினைக்கிறது.

நான் புதுக்கோட்டை மாவட்டத்தின் கந்தர்வக்கோட்டைப் பக்கத்துக்காரி. அரசுப் பள்ளி ஆசிரியை. பிறந்த எட்டாம் நாள் திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கப் பெண். ஊரின் கிழக்கே தனியாக இருக்கும் தெருவில் பிறந்தவள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் என் முகவரி முழுமையாகும். ஆசிரியை என்பதால் ஐந்து தேர்தல்களில் வாக்குச்சாவடிப் பணி பார்த்திருக்கிறேன். மை வைக்கும் மேசையில் உட்கார்ந்திருந்தால் ஒரு கிராமத்தின் குடும்ப வாழ்க்கை முழுவதும் வரிசையில் நடந்து வருவதைப் பார்க்கலாம்.

ஒவ்வொரு முறையும் ஒரு ஆணாவது வந்து சொல்வார்: "அவளுக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர், நானே கூடப் போயி அமுக்கிட்டு வந்துடுறேன்." பார்வையற்றவர், உடல் நலிவால் பொத்தானை அழுத்த முடியாதவர் ஆகியோருக்குத்தான் துணையாள் உண்டு என்று தேர்தல் நடத்தை விதி சொல்கிறது. துணையாளுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும், ஒருவர் ஒருவருக்கு மட்டுமே துணை போகலாம், பார்த்ததை வெளியில் சொல்ல மாட்டேன் என்று உறுதிமொழியும் தர வேண்டும். 'மனைவி' என்பதை உடல் நலிவுகளில் ஒன்றாக விதி சேர்க்கவில்லை. இதைச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு அட்டைத் தடுப்புக்குப் பின்னால் தனியாகப் போவார். அவர் வாழ்நாளில் யாரும் எட்டிப் பார்க்காத இடம் அந்த இரண்டடி அட்டைத் தடுப்பு ஒன்றாகத்தான் இருக்கும்.

அந்த இடம் சும்மா கிடைத்ததல்ல. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி சென்னை சட்ட மேலவைக்குள் நுழைந்தது 1926இல். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் 1921இல்தான் சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு, அதிலும் சொத்துத் தகுதி உள்ள கொஞ்சம் பேருக்கு, வாக்குரிமை வந்தது. எல்லாப் பெண்களுக்கும் உரிமை தந்த 1951-52 முதல் பொதுத்தேர்தலில், 'இன்னாருடைய மனைவி', 'இன்னாருடைய அம்மா' என்று மட்டும் சொல்லித் தங்கள் பெயரைச் சொல்லாத சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து விடுபட்டார்கள். பெரும்பாலும் வட மாநிலங்களில் நடந்தது. பெயர் இல்லாதவருக்கு ஓட்டு இல்லை என்று அன்றைய தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றார். கடுமையான முடிவுதான். ஆனால் ஓட்டுப் போடுவது ஒருவரின் மனைவி அல்ல, ஒரு பெண் என்பதை இந்தியாவுக்கு முதலில் சொன்னதும் அந்த முடிவுதான்.

கிறிஸ்தவப் பெண்ணுக்கு இதே செய்தி விவிலியத்திலும் இருக்கிறது. திருத்தூதர் பணிகள் நூலில் அனனியா, சப்பிரா என்று ஒரு தம்பதி வருவார்கள். நிலத்தை விற்ற பணத்தில் ஒரு பகுதியை மறைத்துவிட்டு மீதியை முழுத் தொகை என்று சொல்லிக் கணவன் கொண்டு வருவான். அவன் செத்து விழுந்து மூன்று மணி நேரம் கழித்து, நடந்தது எதுவும் தெரியாமல் மனைவி வருவாள். பேதுரு அவளிடம் தனியாகக் கேட்பார், இவ்வளவுக்குத்தான் விற்றீர்களா என்று. அவள் கணவன் சொன்ன கணக்கையே சொல்வாள். அவளும் விழுவாள். பொய் சொல்லக் கூடாது என்பதற்கு உதாரணமாகத்தான் ஞாயிறு மறைக்கல்வியில் இதைச் சொல்லிக் கொடுத்தார்கள். எச்சரிக்கைகூடத் தராமல் ஒரு பெண்ணைச் சாகவிடும் அந்த முடிவு எனக்கு இன்றும் உவப்பில்லை. ஆனாலும் ஒன்றைக் கவனிக்கிறேன். அவளிடம் தனியாகக் கேட்கிறார்கள். கணவன் சொன்ன பதில் மனைவிக்கும் சேர்த்துச் சொன்ன பதிலாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. 'அவரு சொன்னதத்தான் நானும் சொன்னேன்' என்பது கடவுள் முன் செல்லாது என்றால், மனைவியின் மனச்சாட்சி கணவனுடையதற்குள் அடங்கியது அல்ல என்றுதானே பொருள்? பொறுப்பை மட்டும் தனியாகச் சுமத்திவிட்டு முடிவை மட்டும் கூட்டாக எடு என்று எந்த ஒழுக்கமும் சொல்ல முடியாது.

அடுத்து, சபை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951இன் 123ஆம் பிரிவு, இன்னாருக்கு ஓட்டுப் போடாவிட்டால் தெய்வக் குற்றத்துக்கு ஆளாவாய் என்று வாக்காளரை நம்ப வைப்பதை முறைகேடு என்கிறது. மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பதும் முறைகேடு. வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் குற்றம்தான் என்று 2017 ஜனவரி 2ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 4-3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு குஜராத் சட்டமன்றத் தேர்தலுக்கு முன் காந்திநகர் பேராயர் தாமஸ் மக்வான் எழுதிய கடிதத்துக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனது. 2018இல் டெல்லி பேராயர் அனில் குட்டோ, அடுத்து வரவிருந்த பொதுத்தேர்தலுக்காக ஜெபிக்கவும் நோன்பிருக்கவும் கேட்டு எழுதிய கடிதம் நாடெங்கும் சர்ச்சையானது.

எங்கள் ஊர்ப் பக்கம் கடிதம் எல்லாம் வராது. 'நமக்குப் பாதுகாப்புத் தருகிறவர்களை அடையாளம் கண்டுகொள்ளுங்கள்' என்று ஒரு வாக்கியம் வரும். யாரென்று எல்லோருக்கும் புரியும். இந்த வாக்கியத்தின் பின்னால் உள்ள பயம் பொய்யல்ல. 2008இல் ஒடிசாவின் கந்தமாலில் கிறிஸ்தவர்களின் வீடுகள் எரிந்தபோது ஒரு கன்னியாஸ்திரி கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். 2023இல் மணிப்பூரின் இனமோதலில் குக்கி-சோ பெண்களை நிர்வாணமாக நடத்திச் சென்ற காணொளியை நாம் பார்த்தோம். சிறுபான்மையின் மீதான கோபம் முதலில் இறங்கும் இடம் பெண்ணின் உடல். ஆகவே பாதுகாப்பு என்ற சொல்லை நான் அலட்சியம் செய்ய மாட்டேன்.

ஆனால் அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டியவர் யார், எதுவரை சொல்லலாம் என்பது வேறு கேள்வி. மனச்சாட்சி என்பது மனிதர் கடவுளோடு தனித்திருக்கும் உள்ளறை என்று 1965இல் முடிந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் போதித்தது. லூதரோ 1521இல் வோர்ம்ஸ் நகரில் பேரரசர் முன் நின்று மனச்சாட்சிக்கு எதிராக நடக்க முடியாது என்றார். எங்கள் மாவட்டத்தில் கத்தோலிக்கர், லுத்தரன், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என்று பல சபைகள் உண்டு. கல்லறை முதல் கல்யாணம் வரை ஒத்துப் போகாத இவர்களின் மரபுகள் இந்த ஓர் இடத்தில் ஒத்துப் போகின்றன. அந்த உள்ளறைக்குள் பங்குத்தந்தைக்கும் போதகருக்கும் சாவி கிடையாது. ஏழைகளை நினைத்துக்கொள் என்று அவர் வெளியிலிருந்து சொல்லலாம். கதவுக்கு வெளியே நின்று சொல்வதோடு அவர் வேலை முடிகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கத்தோலிக்கச் சபையின் உலக ஆயர் மாமன்றத்தில் பெண்கள் முதன்முதலாக வாக்களித்தது 2023 அக்டோபரில். இந்திய நாடு எனக்கு முழு வாக்குரிமை தந்து எழுபது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு. தன் முடிவுகளில் என் வாக்கை இவ்வளவு காலம் கேட்காத ஓர் அமைப்பு, நாட்டின் முடிவில் என் வாக்கை எங்கே போட வேண்டும் என்று சொல்லும்போது, மரியாதையோடு கேட்டுக்கொள்வேன். அதற்கு மேல் கடமைப்பட்டவள் அல்ல.

பாதுகாப்பைப் பற்றி எங்கள் தலைமுறை நேரில் பார்த்த பாடம் 2002இல் வந்தது. அந்த அக்டோபரில் தமிழக அரசு கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பிறகு அது சட்டமானது. வற்புறுத்தி, ஆசை காட்டி, ஏமாற்றி மதம் மாற்றினால் மூன்று ஆண்டுவரை சிறை. மாற்றப்பட்டவர் சிறுவராகவோ, பெண்ணாகவோ, பட்டியல் சாதி, பழங்குடியினராகவோ இருந்தால் நான்கு ஆண்டுவரை சிறை, ஒரு லட்சம்வரை அபராதம். 2004 மக்களவைத் தேர்தலில் அன்றைய ஆளுங்கட்சிக் கூட்டணி தமிழகத்தின் 39 தொகுதிகளிலும் தோற்றது. அந்த மே மாதமே சட்டம் திரும்பப் பெறப்பட்டது. 'பார்த்தாயா, நம் ஓட்டின் பலம்' என்று எங்கள் தெருவில் பேசிக்கொண்டார்கள்.

எனக்கு அப்போது உறைத்தது அந்தக் கூடுதல் ஓராண்டு. பெண் மதம் மாறினால் ஏன் தண்டனை கூடுகிறது? ஏனென்றால் அவளாக யோசித்து மாறியிருக்க மாட்டாள், யாரோ மயக்கியிருப்பார்கள் என்று சட்டம் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டது. குழந்தையும் பெண்ணும் தலித்தும் ஒரே வரிசையில். உத்தரப் பிரதேசம் 2020இல் கொண்டுவந்த சட்டத்திலும் இதே வரிசை, இதே கூடுதல் தண்டனை. 'அவளுக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர்' என்று வாக்குச்சாவடியில் கேட்ட குரலும் இதுவும் ஒரே குரல். அரசமைப்பின் 25ஆம் பிரிவு மனச்சான்றுச் சுதந்திரத்தை எல்லாருக்கும் சமமாகத் தருகிறது. நடைமுறையில் பெண்ணின் மனச்சான்று அரைகுறையானது என்று அரசும் வீடும் சபையும் ஒருமனதாக நம்புகின்றன. அந்தச் சட்டத்தை எதிர்த்தவர்களில் பலரும் 'நம் மதத்தைத் தடுக்கிறார்கள்' என்றுதான் எதிர்த்தார்கள். 'நம் பெண்களின் புத்தியை அவமதிக்கிறார்கள்' என்று எதிர்த்த ஒரு மறையுரையை நான் கேட்டதில்லை.

சரி, சிறுபான்மைப் பாதுகாப்பு என்ற ஒற்றை அளவுகோலே போதும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் யாருடைய பாதுகாப்பு? கந்தர்வக்கோட்டை தனித் தொகுதி. அங்கே நான் வாக்களிக்கலாம், போட்டியிட முடியாது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாத ஒருவரைப் பட்டியல் சாதியாக ஏற்கவில்லை. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அந்தக் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் இன்னும் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் எங்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். தெரு மாறவில்லை, சான்றிதழ் மாறிவிட்டது.

2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் வந்தது. பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் மாறிய பிறகு நடந்த முதல் தேர்தல். கிறிஸ்துமஸ் முடிந்த இரண்டாம் நாள் முதல் கட்ட வாக்குப்பதிவு. என் சின்னம்மா ஒருவரின் ஊராட்சி, பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. மகளிர் குழுவை இருபது வருடம் நடத்தியவர். தண்ணீர் வராவிட்டால் ஒன்றிய அலுவலகத்துக்கு ஊர்ப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போவது அவர்தான். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது அவர் அப்பா போட்ட இந்துப் பெயரும் பழைய சாதிச் சான்றும் அவரிடம் இருந்தன. ஞாயிறுதோறும் பூசைக்குப் போவது ஊருக்கே தெரியும். "நாலு மாசத்துக்குக் கோயிலுக்குப் போகாம இருங்க, நெத்தியில பொட்டு வையுங்க, மத்தத நாங்க பாத்துக்கிறோம்" என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் வந்து சொன்னார்கள். வீட்டு ஆண்களுக்கும் சம்மதம்.

சின்னம்மா இரண்டு நாள் யோசித்தார். பேதுரு மூன்று முறை மறுதலித்ததை நினைத்துத்தான் தயங்குகிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு: "சாமிய மறுதலிச்சா அவரு மன்னிச்சிருவாருடி, பேதுருவையே மன்னிச்சாருல்ல. ஆனா நான் போட்ட பொய்க் கையெழுத்து அவனுவ சட்டைப் பையில அஞ்சு வருசம் கெடக்கும். நான் எதுத்துப் பேசுறப்பல்லாம் வெளிய எடுப்பானுவ. அப்புறம் தலைவர் நானா, அவனுவளா?" அவர் மனு போடவில்லை. தண்ணீருக்குப் போராடிய பெண்ணை ஊராட்சி இழந்தது.

மனச்சாட்சியைப் பற்றி நான் படித்த எதையும்விட இந்தப் பேச்சு எனக்குத் தெளிவாக இருந்தது. ஒரு பொய் பாவமா இல்லையா என்பதோடு அவர் நிற்கவில்லை. அந்தப் பொய்யால் தன் மேல் யாருக்கு அதிகாரம் கிடைக்கும் என்று பார்த்தார். 2024 நவம்பரில் புதுச்சேரியைச் சேர்ந்த, திருமுழுக்குப் பெற்ற ஒரு பெண், அரசு வேலைக்காகத் தன்னை இந்து என்று சொல்லிப் பட்டியல் சாதிச் சான்று கேட்ட வழக்கை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மதம் மாறுவது அரசமைப்பை ஏமாற்றுவது என்றது. அந்தத் தீர்ப்பைப் படித்தபோது சின்னம்மாவை நினைத்துக்கொண்டேன். சாதி மட்டும் மதம் மாறினாலும் விடாமல் கூடவே வரும். அதற்கான நிவாரணம் மதத்தின் வாசலோடு நின்றுவிடும். இந்த நிலையை உண்டாக்கிவிட்டு, ஒரு பெண் எந்தப் பெயரில் பிழைக்கிறாள் என்று ஆராய்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

எங்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி வேண்டும் என்று 2023 ஏப்ரல் 19ஆம் தேதி தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. சபைகளும் ஆண்டுதோறும் கேட்கின்றன. நல்லது. அதே நேரம், திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறையில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து எழுப்பிய சுவர் எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆக, 'கிறிஸ்தவர் நலன்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுப்பதை நான் அப்படியே தூக்கிக்கொண்டு வாக்குச்சாவடிக்குப் போக முடியாது. அதைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. உள்ளே என் பங்கு எவ்வளவு, என் போன்ற பெண்களின் பங்கு எவ்வளவு என்று.

பிரித்தால் சங்கடமான பொருள்களும் வெளியே வரும். 1869ஆம் ஆண்டின் இந்திய விவாகரத்துச் சட்டப்படி, கிறிஸ்தவக் கணவனுக்கு மனைவியின் பிறன்மனை உறவை மட்டும் நிரூபித்தால் போதும். மனைவியோ அதோடு கொடுமையையோ கைவிட்டதையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். அடி தாங்காமல் பிறந்த வீட்டுக்கு வந்து, விடுதலையும் இல்லாமல் கிழவியாகிப் போன பெண்களை எங்கள் தெருவிலேயே காட்ட முடியும். பெண்கள் அமைப்புகள் பல ஆண்டுகள் கேட்ட பிறகு இந்தச் சட்டம் 2001இல் திருத்தப்பட்டது. அப்போது மத்தியில் இருந்தது வாஜ்பாய் அரசு. எங்கள் சபைகள் அஞ்சும் கட்சியின் அரசு. அதேபோல, 2002இன் மதமாற்றத் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்த முதலமைச்சர்தான் 1992இல் அனைத்து மகளிர் காவல் நிலையங்களையும் தொடங்கியவர்.

இதை என்ன செய்வது? மறைத்துவிட்டுப் பேசினால் மாணவிகள் எங்களை நம்ப மாட்டார்கள். என் பதில் இது: நல்லதை நல்லது என்று சொல்ல வேண்டும், அது யார் செய்திருந்தாலும். ஆனால் நன்றி வேறு, கடன் வேறு. எனக்குச் சேர வேண்டிய உரிமையை ஓர் அரசு தரும்போது நான் அதற்குக் கடன்பட்டவள் ஆவதில்லை. என் விவாகரத்து உரிமைக்காக என் அண்டை வீட்டு முஸ்லிம் பெண்ணின் நிம்மதியை விலையாகக் கேட்டால், அந்த வியாபாரத்துக்கு என் ஓட்டு இல்லை. எனக்கு என்ன கிடைக்கும் என்பதைவிட, யாருடைய மனிதத் தகுதி இதனால் குறையும் என்பதை நான் முதலில் பார்க்கிறேன்.

இந்த வரிசையை எனக்குக் கற்றுத் தந்தது லூக்கா நற்செய்தியின் நல்ல சமாரியர் உவமை. சட்ட அறிஞர் ஒருவர் எனக்கு அடுத்திருப்பவர் யார் என்று கேட்பார். அன்பு காட்ட வேண்டியவர்களின் பட்டியல் அவருக்கு வேண்டும். இயேசு கதையைச் சொல்லிவிட்டு, அடிபட்டுக் கிடந்தவனுக்கு அடுத்தவராக நடந்துகொண்டது யார் என்று கேள்வியைத் திருப்பிப் போடுவார். நம்மைக் காப்பாற்றப் போவது யார் என்று கோயில் வாசலில் கேட்கிறோம். என் ஓட்டு யாரைக் காப்பாற்றும் என்று திருப்பிப் போட்டால் பட்டியலே மாறிவிடுகிறது. 2022 டிசம்பரில் எங்கள் மாவட்டத்தின் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலந்திருந்தது. அங்கே குடத்தோடு நிற்கும் பெண் என் சபையைச் சேர்ந்தவளா என்று நான் கேட்க முடியுமா? 2017இல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து வெயிலில் உட்கார்ந்திருந்த பெண்களின் மதம் என்ன? ஜெகதாப்பட்டினத்தில் கடலுக்குப் போன கணவன் திரும்புவானா என்று கரையில் நிற்பவளின் மதம் என்ன? வேட்பாளர் ஓட்டுக் கேட்டு வரும்போது இவர்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதுதான் எனக்குத் தெரிந்த விசுவாச அறிக்கை.

பணத்தைப் பற்றிப் பேசாமல் தமிழ்நாட்டில் தேர்தல் பற்றிப் பேச முடியாது. எங்கள் பக்கத்துத் தஞ்சாவூரிலும் அரவக்குறிச்சியிலும் 2016இல் பணப் பட்டுவாடாவால் தேர்தல் நின்றது. 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தல் ரத்தானது. கொடுப்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம். எங்கள் தெருக்களில் பணம் பெண்ணின் கையில்தான் தரப்படுகிறது. கூடவே சத்தியமும் வாங்கப்படுகிறது. விளக்கு இருக்கும் வீட்டில் விளக்கு மேல், எங்கள் வீட்டில் ஜெபமாலை மேல், இரண்டும் இல்லாவிட்டால் பிள்ளை தலை மேல். 'வாங்கிட்டோம், மாத்திப் போட்டா பாவமில்லையா?' என்று என்னிடம் கேட்ட பெண்கள் பலர்.

விவிலியத்தில் சத்தியத்தைக் காப்பாற்றிய இரண்டு ஆண்கள் இருக்கிறார்கள். போரில் வென்றால் வீட்டு வாசலில் எதிர்ப்படுவதைப் பலி தருவேன் என்று நேர்ந்துகொண்டு சொந்த மகளையே பலி கொடுத்த இப்தா ஒருவன். விருந்தினர் முன் ஆணையிட்டுவிட்டோமே என்று திருமுழுக்கு யோவானின் தலையை வெட்டச் சொன்ன ஏரோது இன்னொருவன். இருவரும் வாக்குத் தவறவில்லை. இரண்டு கொலைகள் நடந்தன. தீமைக்காக வாங்கப்பட்ட சத்தியம் கட்டுப்படுத்தாது, அதை மீறுவதே நேர்மை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பணத்தை மறுக்க முடிந்தவள் மறுக்கட்டும். தெருவே வாங்கும்போது ஒருத்தி மட்டும் மறுத்தால் எந்தக் கட்சிக்காரி என்று முத்திரை விழும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே வாங்கியவளைப் பாவி என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்தச் சத்தியம் அட்டைத் தடுப்புக்கு வெளியிலேயே செத்துவிடுகிறது.

எல்லோரும் அழுக்கு, ஆகவே யாருக்கும் இல்லை என்று சொல்லும் தோழிகளும் உண்டு. 2008 மறுவரையறையில் புதுக்கோட்டை மக்களவைத் தொகுதியே காணாமல் போனது. எங்கள் மாவட்டம் திருச்சி, சிவகங்கை, இராமநாதபுரம், கரூர் என்று நான்காகப் பிய்ந்தது. அந்தக் கோபத்தில் 2009இல் 49-ஓ போடுவோம் என்ற பேச்சு எழுந்தது. அன்று அதற்கு அலுவலரிடம் சொல்லிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ஆண்கள் சூழ்ந்த அறையில் ஒரு பெண் தன் மறுப்பை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் நோட்டா பொத்தான் வந்து அந்த மறுப்பும் ரகசியமானது. அது ஓர் உரிமை, மதிக்கிறேன். ஆனால் நோட்டா எத்தனை விழுந்தாலும் அதிக ஓட்டு வாங்கிய வேட்பாளர்தான் வெல்வார். 2019இல் தமிழகம் வாக்களித்த ஏப்ரல் 18 பெரிய வியாழன். இயேசு சீடர்களின் காலைக் கழுவிய நாள். (அந்தச் சடங்கில் பெண்களின் காலையும் கழுவலாம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் விதியை மாற்றியதே 2016இல்தான்.) மறுநாள் பிலாத்து கையைக் கழுவினான். கையைக் கழுவியவனுக்குத் தன் கை சுத்தமாக இருந்தால் போதும். காலைக் கழுவியவர் அடுத்தவர் அழுக்கில் கைவைத்தார். ஓட்டு என்பது விசுவாசப் பிரமாணம் அல்ல, முழுமையான ஆளைத் தேடிக் காத்திருக்க. இருப்பவர்களில் யாரால் எளியவருக்குத் தீங்கு குறையும் என்று பார்த்து, விரல் அழுக்காகும் என்று தெரிந்தே அழுத்துவது. தேர்தல் முடிந்ததும் அவரையே எதிர்த்துப் போராடத் தயாராக இருப்பது.

மாணவிகளும் இளம் மனைவிமார்களும் என்னிடம் கடைசியாகக் கேட்பது ஒன்று உண்டு. "டீச்சர், வீட்டுக்கு வந்ததும் யாருக்குப் போட்டேன்னு அவரு கேப்பாரு. உண்மையச் சொன்னா அடி. பொய் சொன்னா பாவம். நான் என்ன செய்ய?"

அவர்களுக்கு முதலில் சட்டத்தைச் சொல்வேன். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94ஆம் பிரிவு, யாருக்கு வாக்களித்தாய் என்று சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது. நீதிமன்றமே கேட்க முடியாததைக் கணவன் கேட்க முடியாது. பிறகு விடுதலைப் பயணத்தின் முதல் அதிகாரத்தைச் சொல்வேன். ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனின் ஆணையை மீறிய சிப்ரா, பூவா என்ற இரண்டு மருத்துவச்சிகள், ஏன் கொல்லவில்லை என்று அவன் கேட்டபோது, எபிரேயப் பெண்கள் நாங்கள் போவதற்குள் பெற்றுவிடுகிறார்கள் என்று பொய் சொன்னார்கள். கடவுள் அவர்களுக்கு நன்மை செய்தார் என்றுதான் நூல் சொல்கிறது. எந்தப் பொய்யும் பாவமே என்று வாதிட்ட புனித அகுஸ்தீனார், அவர்களின் இரக்கத்துக்குத்தான் பரிசு, பொய்க்கு அல்ல என்று பிரித்துக் காட்டினார். அவர் பெரிய மேதை. ஆனால் அந்தப் பதிலைச் சொல்லிவிட்டு இரவு பார்வோன் வீட்டிலேயே படுக்க வேண்டிய நிலை அவருக்கு இருந்ததில்லை.

மௌனமாக இருக்க முடிந்தால் இரு. 'அது ரகசியம்ங்க' என்று சிரித்துக்கொண்டு சொல்ல முடிந்தால் சொல். ஒரு நாள் 'நான் இன்னாருக்குப் போட்டேன், இதுக்காகப் போட்டேன்' என்று சோறு பரிமாறிக்கொண்டே சொல்லும் வீடு உனக்கு அமைந்தால் அதுதான் நல்லது. அந்த வீட்டுக்காகவும் போராடு. இவை எதுவும் முடியாமல், அடிக்குப் பயந்து அவர் கேட்க விரும்பும் பெயரைச் சொல்லிவிட்டுச் சட்டியைக் கழுவப் போனாயானால், அந்தப் பொய்யை நீ பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குத் தூக்கிச் செல்ல வேண்டாம். உண்மையைச் சொல்வதை ஆபத்தாக்கி வைத்தவர் எவரோ, அவர் கணக்கில் சேரட்டும் அது. நீ யாருக்குப் போட்டாய் என்பது ஏழு நொடிகள் விவிபேட் கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்து மறைந்த அந்தச் சீட்டுக்குத் தெரியும். உனக்குத் தெரியும். கடவுளை நம்புகிறாய் என்றால், அவருக்கும் தெரியும்.